மூடிச் சோறு

ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் தொடங்கி கிருஷ்ணகிரி டோல்கேட் வரைக்கும் உள்ள கல்யாணமான ஆண்களில், பெண்டாட்டியின் மனதை முழுதாகப் படித்து முடித்தவன் ஒருவன்தான் உண்டு என்றும், அந்த ஒருவன் தான்தான் என்றும் தமிழரசன் நம்பினான். இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. சொன்னபோது கையில் பாதி கடித்த முருங்கைக்காய் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னான்.

"எங்க வீட்ல சண்டையே வராது. வரத்துக்கு முன்னாடியே நான் கண்டுபுடிச்சிருவன். டூல் தேயறப்ப மிஷின் சத்தம் மாறும் பாரு, அந்த மாதிரி. சுமலதா மூச்சு வுடற சத்தத்த வெச்சே சொல்லிருவன், இன்னிக்கு என்ன கோவம், எத்தன மணிக்குத் தீரும்னு."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓசூர் சிப்காட் ரெண்டாம் பேஸில் பைக்குக்கு புஷ் என்கிற இரும்பு வளையம் கடைந்து தரும் ஒரு சின்னக் கம்பெனியின் தொழிலாளர்கள். மொத்தம் முப்பத்தெட்டு பேர். கேண்டீன் கிடையாது. கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், நாலு மேசை, ஒரு குழாய். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை அங்கேதான் திறப்பார்கள்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டப்பா இல்லாமல் ஒருவன் வந்தால், 'மறந்துட்டேன்' என்று அவன் சொல்வான், யாரும் நம்பமாட்டார்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஆனால் என்ன என்று கேட்கக் கூடாது. இன்ஸ்பெக்ஷனில் இருக்கும் மேரிராணியிடம் ஒரு பழைய அடுக்குக் கேரியரின் மூடி இருந்தது. கேரியர் எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. குழிவான, தட்டு அளவு மூடி. அதை ஒவ்வொருவர் முன்பும் நீட்டினால் ஆளுக்கு ஒரு கரண்டி போடுவார்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஆள் சாப்பாடு. சாப்பிட்டவன் மூடியைக் கழுவித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்; அடுத்து யாராவது வெறுங்கையோடு வந்தால், அதை எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டியது அவன் வேலை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஐஎஸ்ஓ ஆடிட்டில்கூடக் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒழுங்காக நடந்த ஒரே நடைமுறை அதுதான்.

தமிழரசன் அந்த மூடிக்கு 'உலகக் கோப்பை' என்று பெயர் வைத்திருந்தான். மூடி சுற்றத் தொடங்கியதும் எழுந்து நின்று கமெண்டரி சொல்வான். வெஸ்லின் என்ற காவேரிப்பட்டினத்துப் பையனுக்கு நிச்சயம் பண்ணிய பெண் வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டபோது, அவன் தங்கை வின்சி கட்டிக்கொடுத்த டப்பாவை வேண்டுமென்றே அறையில் விட்டுவிட்டு வந்து, ஒன்பது நாள் மூடியில் சாப்பிட்டான். தமிழரசன் ஒன்பது நாளும் விடவில்லை. "காவேரிப்பட்டினம் அணியின் வெஸ்லின், தொடர்ந்து ஒன்பதாவது நாளாக நாட் அவுட்!" வெஸ்லினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். பத்தாம் நாள் டப்பா கொண்டு வந்தான்.

"ஒரு நா ஒனக்கும் இந்த மூடி வரும்டா தம்பி" என்று மேரிராணி அப்போது சொன்னாள்.

"எனக்கா? அக்கா, எங்க வீட்டு டப்பாவ கின்னஸ்ல கேக்கறாங்க. ரெண்டு வருசமா ஒரு நாளு தவறல."

அது உண்மைதான். போன வாரம் வரைக்கும்.

*

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுமலதா வேலையிலிருந்து வந்தாள். அவள் செல்போனுக்குப் பாகம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் உட்காருகிறவள். ஒரு வெள்ளைக் கோட்டைக் கையை மடக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். கோட்டில் 'வின்சி' என்று பேட்ஜ் குத்தியிருந்தது. வெஸ்லினின் தங்கை அதே லைனில்தான் வேலை பார்க்கிறாள்.

தமிழரசன் பார்த்தான். கவனித்தான் என்று சொல்ல முடியாது. ஜோக்குக்கு ஆகுமா என்று பார்த்தான். ஆகும்போல இருந்தது.

"என்ன, இன்னிக்கு வின்சியா? நாளைக்கு யாரு?"

சுமலதா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. அரை மணி நேரம். மனைவியின் மூச்சை வைத்தே கோபம் தீரும் நேரத்தைச் சொல்லக்கூடிய நிபுணர், அந்த அரை மணி நேரமும் கட்டிலில் படுத்து கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் ஷெட்டில் அவன் அதை நடித்துக் காட்டினான். மிஷின் துடைக்கும் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, "என் பேரு வின்சி" என்றான். ஷெட் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு விம்மலுக்கும் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தான். "மாடி டேங்கு காலி, இவ துக்கம் காலி ஆவல" என்று முடித்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மேரிராணி அன்றைக்கு லீவு. வெஸ்லின் செல்போனில் வீடியோ எடுத்து, 'லஞ்ச் ஷெட்' குரூப்பில் போட்டான். ஒன்பது நாள் கமெண்டரி வாங்கியவனுக்கு, வேறு யாருக்கோ கமெண்டரி நடக்கிறது என்பதே ஒரு ஆறுதல்.

அன்று வெஸ்லின் அறையில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது, தன் பெயர் கேட்டு வின்சி எட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை லைனில் சுமலதாவிடம், "அக்கா, அத நீங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சுமலதா யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. வின்சி வீடியோவில் பார்த்ததைச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவள் பாரூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் பையைக் கட்டினாள். ரெண்டு வருடமாக 'நீங்க' என்று கூப்பிட்டவள் அன்றைக்கு 'நீ' என்றாள்.

"குழாயத் தொறந்து வுட்டுட்டு அழுதது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. நீ ஊருக்கே போட்டுக் காட்டிட்ட."

தமிழரசனுக்கு அந்த இடத்தில் சொல்ல ஒன்றுதான் வந்தது. வந்த ஒன்றும் ஜோக்காக இருந்தது. அதையும் சொல்லித் தொலைத்தான். அவள் பஸ் ஏறினாள்.

*

திங்கட்கிழமை பிரச்சினை டப்பாவில் வந்தது.

வெறுங்கையோடு போனால் மூடி வரும். ஹோட்டல் பார்சலோடு போனால் அதைவிட மோசம், அது எழுத்துமூல ஒப்புதல். தமிழரசன் யோசித்து, பாகலூர் ரோட்டு ஹோட்டலில் சாப்பாடு பார்சல் வாங்கி, சந்தில் நின்று, சுமலதாவின் டப்பாவில் மாற்றினான். சோறு கீழே, பொரியல் மேல் அடுக்கில், சாம்பார் கிண்ணத்தில். பொரியலை விரலால் கொஞ்சம் கலைத்தும் விட்டான், வீட்டுப் பொரியல் போலத் தெரிய வேண்டுமென்று. பிளாஸ்டிக் கவரைக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கினான். கொலை செய்தவன்கூட இவ்வளவு பொறுப்பாகத் தடயத்தை அழிப்பது சந்தேகம்.

ஷெட்டில் டப்பாவைத் திறந்ததும் வெஸ்லின் வழக்கம்போலக் கேட்காமலே ஒரு கரண்டி சாம்பார் எடுத்து ஊற்றிக்கொண்டான். பிசைந்தான். வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"மச்சி, இனிக்குது."

மேசை முழுக்க நிமிர்ந்தது. பாகலூர் ரோட்டில் எல்லா ஹோட்டலிலும் சாம்பாரில் வெல்லம் போடுவார்கள்; மாஸ்டர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். பாரூர்க்காரி சாம்பாரில் வெல்லம் போடமாட்டாள். போடுகிறவர்களை மன்னிக்கவும் மாட்டாள். முப்பத்தெட்டு பேருக்கும் இது தெரியும். டப்பாவைப் பற்றி எல்லாம் யோசித்த தமிழரசனுக்கு, அதைத் தின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"பக்கத்து வீட்டு சாந்தம்மா கன்னடக்காரங்க. அவங்ககிட்ட கத்துக்கினா" என்றான்.

"அப்படியா" என்றாள் மேரிராணி. அவள் புஷ்ஷைக் கேஜ் வைத்து அளந்து பார்ப்பதுபோல அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது வழக்கம். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தமிழரசனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை என்று லீவு போட்டான். சுமலதாவுக்குப் பதினோரு முறை போன் செய்தான். பத்து முறை அவள் தம்பி சந்தோஷ்தான் எடுத்தான். "மாமா, அக்கா தூங்குது." காலையிலும் தூங்கினாள், மத்தியானமும் தூங்கினாள். பதினோராவது முறை அவளே எடுத்தாள்.

"நான் ஏன் அழுதன்னு ஒனக்குத் தெரியுமா?"

"லைன் லீடர் திட்டினா…"

"தெனம் திட்றா. தெனமா அழறன்?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"தெரிஞ்சா போன் பண்ணு. தெரியாம பண்ணாத." வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை குளிக்கப் போன தமிழரசன் குழாயைத் திறந்துவிட்டான். சுமலதாவின் முறையில் ஒரு குறையும் இல்லை; தண்ணீர் ஓடும்போது வெளியே ஒன்றும் கேட்காது. ஆனால் பாதியில் தண்ணீர் நின்றுவிட்டது. மாடி டேங்கு காலி. மீதியை அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு முடிக்க வேண்டியிருந்தது.

*

அன்று காலி டப்பாவோடுதான் கம்பெனிக்குப் போனான். கனத்துக்கு உள்ளே ரெண்டு பச்சை உருளைக்கிழங்கு போட்டிருந்தான். பன்னிரண்டரை மணிக்கு, "வெயில்ல ஒக்காரணும்னு டாக்டர் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, ஷெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்ரெஸருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அங்கே யாரும் வரமாட்டார்கள். கம்ப்ரெஸர் ஓடினால் காதுக்குள் லாரி ஓடுவது போலிருக்கும்.

வெஸ்லின் வந்தான். கையில் மூடி இருந்தது. கடைசியாக அதில் சாப்பிட்டவன் அவன்தானே.

"மச்சி! வீடியோவ அழிச்சிட்டன்!" என்று கத்தினான்.

"என்ன?"

"வீடியோ! அழிச்சிட்டன்! வின்சி எங்கிட்டப் பேசி ஆறு நாளாச்சு! மொதல்ல நிச்சயம் பண்ணவ போனா, இப்ப இவளும் பேச மாட்டேங்கறா! ரூம்ல செவுத்தப் பாத்துப் பேசிட்டிருக்கன்!"

அவன் கத்திக்கொண்டே அழுதான். அல்லது அழுதுகொண்டே கத்தினான். அந்தச் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. தமிழரசனுக்கு அப்போது கமெண்டரி ஒன்றும் வரவில்லை. உருளைக்கிழங்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வெஸ்லின் காதுக்கு நேராகத் தன் பங்குக்குக் கத்தினான்.

"எம் பொண்டாட்டி என்ன வுட்டுட்டுப் போயிட்டாடா!"

கம்ப்ரெஸருக்கு ஒரு குணம் உண்டு. காற்று நிரம்பியதும் தானாக நின்றுவிடும். 'என்ன' வரைக்கும் ஓடிவிட்டு நின்றது. 'வுட்டுட்டுப் போயிட்டாடா' என்பது சுத்தமான அமைதியில், தகரக் கூரையில் பட்டு, ஷெட்டில் இருந்த முப்பத்தாறு பேருக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்டது.

ஷெட்டில் ஒரு கரண்டிச் சத்தமும் இல்லை. தமிழரசன் காத்திருந்தான். அவனாக இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து நின்றிருப்பான். 'பாரூர் எக்ஸ்பிரஸ்' என்று ஆரம்பித்திருப்பான். அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பான் என்பதும் அவனுக்குத் தெரியும். மூன்று நல்ல வரிகள். அவை தன் மேல் எப்படி விழும் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டான். காது மடல் வரைக்கும் சுட்டது.

யாரும் எழுந்து நிற்கவில்லை. வெஸ்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூடியோடு ஷெட்டுக்குள் போனான். திரும்பி வந்தபோது மூடியில் சோறு, அதன் ஓரத்தில் ராகிக் களியில் ஒரு உருண்டை, மேலே புளிக்குழம்பு, தயிர், யாரோ போட்ட அரை ஆம்லெட். அவன் பின்னாலேயே மேரிராணி வந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்தாள்.

"தின்னு மொதல்ல."

தமிழரசன் தலையைத் தூக்காமல் தின்றான். ரெண்டு நாள் பசி. கொஞ்சம் உள்ளே போனதும் தானாகச் சொல்ல ஆரம்பித்தான். வின்சியின் கோட்டு, குழாய், நடிப்பு, வீடியோ, போனில் அவள் கேட்ட கேள்வி. "ஏன் அழுதான்னு தெரியலக்கா. லைன் லீடர் திட்டினதுக்கு இல்லையாம்."

"வின்சியும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா" என்றான் வெஸ்லின். "'அந்தக் கோட்டு என்னுது, நாந்தான் குடுத்தன், ஒனக்கு வெக்கமா இல்ல'ங்கறா. அவ்வளவுதான்."

மேரிராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோட்ட எங்க கட்டிட்டு வந்தா?"

"இடுப்புல."

"அந்தக் கம்பெனில பாத்ரூம் போவ எப்படி?"

"டோக்கன் வாங்கணும். இருவது பேருக்கு ஒரு டோக்கன்னு சொல்லிட்டே இருப்பா. போனவ திரும்பி வந்து குடுத்தாத்தான் அடுத்தவ…" தமிழரசன் நிறுத்தினான்.

"ஏன்டா, ரெண்டு தடி ஆம்பளைங்க இருக்கீங்க" என்றாள் மேரிராணி. குரலை உயர்த்தவில்லை. "ஒரு பொம்பள எதுக்குடா இன்னொருத்தி கோட்ட வாங்கி இடுப்புல சுத்திட்டு, ஓசூரு பஸ்ல நின்னுட்டே வீடு வருவா?"

கம்ப்ரெஸர் ஓடவில்லை. ஓடியிருக்கலாம்.

வெஸ்லின் தரையைப் பார்த்தான். தமிழரசனின் வாயில் கருவாடு இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு தான் நடந்த நடை அவனுக்கு ஞாபகம் வந்தது. ஷெட் நடுவில், ரெண்டு மேசைக்கு இடையில், ஆட்டி ஆட்டி. துணியில் ஆயில் கறை இருந்ததும் ஞாபகம் வந்தது. அதைக் காட்டியும் ஏதோ சொல்லியிருந்தான். சிரிப்பு அந்த வரிக்குத்தான் அதிகம்.

"அன்னிக்கு அவ ஒங்கிட்டதான் சொல்ல வந்திருப்பா" என்றாள் மேரிராணி. "நீ வாசல்லயே கடையத் தொறந்துட்ட. அவ குழாய்கிட்ட சொல்லிட்டா. சாப்டு, ஆறுது."

*

சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே, லாரிகள் நிற்கும் இடத்தில் நின்று போன் செய்தான். சுமலதாவே எடுத்தாள்.

"கோட்டு" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா?"

"மேரிராணியக்கா."

"அப்ப ஒனக்கா தெரியல."

"தெரியல" என்றான். ஜூஜுவாடி முதல் கிருஷ்ணகிரி வரைக்கும் அந்த வார்த்தையை அவன் இதுவரை பயன்படுத்தியதில்லை. "கட்டில்லயேதான் படுத்திருந்தன். எந்திரிச்சி வந்து கதவத் தட்டிருக்கலாம். தட்டல."

அவள் மூச்சு கேட்டது. அதை வைத்து அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"சாப்டியா?"

"மூடில."

சுமலதாவுக்கு மூடியைத் தெரியும். உலகக் கோப்பைக் கமெண்டரி முழுவதையும் வீட்டில் அவளுக்கும் நடித்துக் காட்டியிருக்கிறான்.

"கழுவி வெச்சியா?"

"வெச்சிட்டன்."

"திங்கக்கெழம எனக்கு டூட்டி" என்றாள். "ஞாயித்துக்கெழம வரன். வேலைக்குதான் வரன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். பையைப் பிரிக்கவில்லை, மூலையில் வைத்தாள். டீயை அவன் போட்டான். குடித்துக்கொண்டே, சுவரைப் பார்த்தபடி, "அந்த லைன் லீடர் இருக்கால்ல…" என்று ஆரம்பித்தாள். தமிழரசன் நாக்கில் அந்த நொடியே ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக். அவன் பிஸ்கட்டை முழுதாக வாயில் திணித்துக்கொண்டான். அவள் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று பிஸ்கட் செலவு.

திங்கட்கிழமை காலை எலுமிச்சைச் சாதம் கிளறி ரெண்டு டப்பாவில் போட்டான். அடியில் பிடித்திருந்தது. சுமலதா தன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் ஷெட்டுக்கு சூப்பர்வைசர் கரியப்பன் வெறுங்கையோடு வந்தார். தளிப் பக்கத்துக்காரர், தினமும் எல்லோரையும் "ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் சாப்பாடு விசாரிக்கிற மனிதர். இருபது வருடத்தில் அவர் டப்பா இல்லாமல் வந்து யாரும் பார்த்ததில்லை. "டாக்டரு வயித்தக் காயப் போடச் சொன்னாரு" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, கடைசி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய செக்லிஸ்ட் ஒன்றைப் படிக்க ஆரம்பித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஷெட் முழுக்கத் தமிழரசனைத் திரும்பிப் பார்த்தது. இதைவிடப் பெரிய கோப்பை இனி வராது. யாரோ ஒருவன் மேசையை லேசாகத் தட்டித் தாளம்கூடக் கொடுத்தான்.

தமிழரசன் பையிலிருந்து மூடியை எடுத்தான். தன் டப்பாவிலிருந்து முதலில், அடிப்பிடிக்காத பக்கமாகப் பார்த்து, ரெண்டு கரண்டி போட்டான். வெஸ்லின் முன்னால் நீட்டினான். பிறகு அடுத்தவன். அதற்கு அடுத்தவன். மேரிராணி குழம்பை ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான், சிந்தாமல் பிடிக்க.

கடைசி மேசைக்குப் போய்ச் செக்லிஸ்ட்டின் பக்கத்தில் வைத்தான். கரியப்பன் நிமிரவில்லை. தமிழரசன் ஒரு சொம்பில் தண்ணீர் பிடிக்கப் போனான். குழாயைக் கொஞ்சமாகத்தான் திறந்தான்.